புன்னகைக்கு ஒரு முகவரி: எமோஜி டொமைன்கள் வந்த கதை

2011-ம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் இருக்கும் பேனிக் என்ற சிறிய மென்பொருள் நிறுவனம் ஒரு வலைமுகவரி வாங்கியது. புள்ளிக்குப் பின்னால் லாவோஸ் நாட்டின் குறியான 'எல்ஏ'. புள்ளிக்கு முன்னால்? எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கண்ணும் சிரிப்புமாக இருக்கும் மலக்குவியல் படம்தான்! ஆமாம், எல்லோர் போனிலும் இருக்கிற அதே எமோஜி.

விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் அந்த முகவரி வேலை செய்தது. உலகத்தின் முதல் எமோஜி டொமைன் இதுதான் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. உண்மையில் அதற்குப் பத்து வருடம் முன்பே, 2001 ஏப்ரலில், ஜப்பானிய வெந்நீர் ஊற்றுக் குறியை வைத்து டாட்காமில் பெயர் பதிவாகியிருந்தது. அப்போது எமோஜி என்ற சொல்லே ஜப்பானுக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

இது எப்படி சாத்தியமானது? வலைமுகவரி என்றால் ஆங்கில எழுத்து மட்டும்தானே என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பொம்மை எப்படி நுழைந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனால் சிங்கப்பூர் வருகிறது, தமிழ் வருகிறது, சிங்களம் வருகிறது, பங்குச்சந்தைகூட வருகிறது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே ஒரு கோப்பு

இணையத்தின் தாத்தா அர்ப்பாநெட். அந்த வலையில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் ஒரு எண் முகவரி உண்டு. எண்ணை மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது கஷ்டம் என்பதால் பெயரும் வைத்தார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. அதைப் பராமரித்தது கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் தகவல் மையம். அதன் தலைவி எலிசபெத் ஃபைன்லர். புதிதாக ஒரு கணினியை இணைக்கிறீர்களா? அலுவலக நேரத்தில் போன் போட்டோ மின்னஞ்சல் அனுப்பியோ சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஊரில் நூறு பேருக்கு போன் இருக்கும் வரை ஒற்றைத்தாள் டைரக்டரி போதும். ஆயிரம், பத்தாயிரம் ஆனால்? கோப்பு பெருத்தது, மாற்றங்கள் குவிந்தன, இரண்டு பேர் ஒரே பெயரைக் கேட்டார்கள்.

1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் ஆர்.எஃப்.சி. 882, 883 என்ற இரண்டு ஆவணங்களில் மாற்றுவழியை எழுதினார். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் ஜான் போஸ்டல் அவருக்கு ஒப்படைத்த வேலை அது. அதுதான் டி.என்.எஸ். எல்லாப் பெயரையும் ஒரே இடத்தில் வைக்காமல், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் முறை. உச்சியில் ரூட் சர்வர்கள். அவற்றுக்கு 'காம்' யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். காமை வைத்திருப்பவருக்கு அதன் கீழே உள்ள பெயர்கள் யாரிடம் என்று தெரியும். தலைமை அலுவலகம், வட்டார அலுவலகம், கிளை என்று பேரேட்டைப் பிரித்து எழுதுவது போலத்தான். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட்காம் பெயரைப் பதிவு செய்தது.

37 எழுத்துக்களின் ஆட்சி

முறை புதியது. ஆனால் பெயர் எழுதும் பழக்கம் பழையது. அர்ப்பாநெட் காலத்து விதியே தொடர்ந்தது: ஆங்கில எழுத்து 26, எண் 10, நடுவில் போடும் சிறுகோடு 1. மொத்தம் 37. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அதிகபட்சம் 63 இடம்.

இங்கே ஒரு சுவாரஸ்யம் உண்டு. இந்த 37 என்பது டி.என்.எஸ். நெறிமுறையின் கட்டாயம் அல்ல! பெயர்த்துண்டில் எந்த பைட்டையும் வைக்கலாம் என்பதை 1997-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2181 வெளிப்படையாகவே சொன்னது. அதாவது யாராவது சொந்தமாக ஒரு டி.என்.எஸ். சர்வர் எழுதி, அதில் தமிழையோ பொம்மையையோ அப்படியே யுடிஎஃப்-8 பைட்டுகளாக வைத்தால் நெறிமுறை தடுக்காது. இன்றும் வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கண்டுபிடிக்கப் பயன்படும் பலமுக டி.என்.எஸ். என்ற முறையில் பெயர்கள் யுடிஎஃப்-8-ல்தான் போகின்றன. பிரிண்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

அப்புறம் என்ன தடை? சர்வர் மட்டும் உலகம் இல்லையே. அந்தப் பெயரைப் படிக்கும் மின்னஞ்சல் மென்பொருள், உலாவி, ரூட்டரில் இருக்கும் சின்ன நிரல் எல்லாமே 37 எழுத்து மட்டும் வரும் என்று நம்பி எழுதப்பட்டவை. புதிய பைட்டைப் பார்த்தால் சில மறுக்கும், சில தப்பாகப் படிக்கும், சில படுத்துவிடும். வங்கியில் தமிழில் காசோலை எழுதலாம் என்று விதி இருந்தாலும், கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் காசு கைக்கு வராது. அதே கதைதான்.

சிங்கப்பூரில் ஒரு தனி சர்வர்

1996 டிசம்பரில் மார்ட்டின் டியூர்ஸ்ட் என்பவர் ஒரு யோசனையை வரைவாக வெளியிட்டார். பன்மொழி எழுத்துக்களை 37-க்குள்ளேயே அடங்கும் எழுத்தாக மாற்றி அனுப்பினால் என்ன? சர்வருக்குப் பழைய எழுத்து. மனிதருக்குத் தன் எழுத்து.

அதைச் செய்து பார்த்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குழு. தலைவர் டான் டின் வீ. நான்கு ஆட்சி மொழிகள் உள்ள ஊரில் ஆங்கிலம் மட்டும் போதாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் வலையில் ஏற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. அதில் தமிழ்ப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பின்னாலும் இவர்கள் இருந்தார்கள்.

1998-ல் இந்தக் குழு ஐடிஎன்எஸ் என்ற பெயரில் செய்தது ஒரு தனி டி.என்.எஸ். சர்வர்தான். பயனாளர் தன் மொழியில் தட்டும் பெயரை நடுவில் நின்று வாங்கி, பழைய எழுத்துக்கு மாற்றி, பழைய டி.என்.எஸ்.-இடம் கேட்டு, பதிலைத் திருப்பித் தரும் மொழிபெயர்ப்பாளர்.

கேட்க எளிது. செய்வதில் உள்ள சிரமம் அந்தக் காலத்துத் தமிழ் இணையத்தை அறிந்தவர்களுக்குப் புரியும். அன்று ஒருங்குறி பரவவில்லை. ஒருவர் திஸ்கி, இன்னொருவர் டாப், வேறொருவர் தன் பத்திரிகைக்கென்று செய்த எழுத்துரு. 'அம்மா' என்று தட்டினால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பைட்டுகள். சர்வருக்கு வந்து சேர்வது வெறும் பைட்டுகள்தான், எந்த எழுத்துரு என்ற சீட்டு கூட வருவதில்லை. சீனத்திலும் இதே குழப்பம். ஆக சர்வர் ஊகிக்க வேண்டியிருந்தது. முகவரி விஷயத்தில் ஊகம் ஆபத்து. தொண்ணூறு தடவை சரியாகப் போய், பத்து தடவை வேறு வீட்டுக் கதவைத் தட்டினால் அதை முகவரி என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

கோவிந்தசாமி 1999-ல் மறைந்தார். அதே வருடம் சிங்கப்பூர் முயற்சி ஒரு வணிக நிறுவனமாக மாறியது. அதில் இருந்த ஜேம்ஸ் செங், அடுத்து உலக அளவில் இதற்கு விதி எழுத ஐ.இ.டி.எஃப். அமைத்த குழுவின் இணைத்தலைவர் ஆனார்.

அவசரப்பட்ட வியாபாரம்

விதி முடிவாகும் வரை சந்தை காத்திருக்குமா? 2000 நவம்பரில் டாட்காமை நடத்தும் வெரிசைன் சோதனை முயற்சி என்ற பெயரில் சீனம், ஜப்பான், கொரிய மொழிப் பெயர்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. ரேஸ் என்ற தற்காலிக மாற்றுமுறை. உலாவிகளுக்கு அது தெரியாது. ஆனால் பெயர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் வாங்கினார்கள். திறக்காத கடைக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி! ஆரம்பத்தில் சொன்ன வெந்நீர் ஊற்றுக் குறி பதிவானது இந்தச் சோதனைக் காலத்தில்தான்.

2003 ஜனவரியில் வெரிசைன் இன்னொன்றும் செய்தது. 37 எழுத்துக்கு வெளியே உள்ள பைட்டுகளுடன் டாட்காம் கேள்வி எது வந்தாலும் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று சொல்லாமல், தன் சர்வரின் எண்ணைப் பதிலாகக் கொடுத்தது. உலாவியில் தட்டியவர் அங்கே போய்ச் சேர்ந்தால் பன்மொழிச் செருகியை இறக்கிக்கொள்ளச் சொல்லும் பக்கம் வரும். நல்ல எண்ணம் போலத் தெரியும். ஆனால் கேள்வி கேட்டது உலாவிதான் என்று என்ன நிச்சயம்? மின்னஞ்சல் மென்பொருளும் அதே கேள்வியைக் கேட்கலாமே? இல்லாத பெயருக்கு 'இல்லை' என்று சொல்வது டி.என்.எஸ்.-இன் அடிப்படைக் கடமை என்று இணையக் கட்டமைப்பு வாரியம் அதே மாதம் கண்டித்தது.

சிங்கப்பூர் சர்வருக்கும் வெரிசைன் சர்வருக்கும் நோக்கம் வேறு. ஆனால் பாடம் ஒன்றே. நடுவில் இருக்கும் சர்வரைப் புத்திசாலி ஆக்கக் கூடாது. மாற்றும் வேலை பயனாளரின் கணினியிலேயே, அவர் என்ன தட்டினார் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்திலேயே நடக்க வேண்டும்.

ப்யூனிகோடு: 11-ஐ 18-ஆக்கும் சூத்திரம்

2003 மார்ச்சில் வந்த விதிகள் இதைத்தான் செய்தன. பெர்க்லியைச் சேர்ந்த ஆடம் காஸ்டெல்லோ வடிவமைத்த ப்யூனிகோடு என்ற முறை இதன் இதயம். ஒருங்குறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. ப்யூனிகோடு அந்த எண்களை ஒவ்வொன்றாக முழுசாக எழுதுவதில்லை. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை மட்டும், அது எந்த இடத்தில் வர வேண்டும் என்ற தகவலோடு சேர்த்து, 36 குறிகளால் எழுதுகிறது. தமிழ் எழுத்துக்கள் ஒருங்குறியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இடைவெளி சின்னது, எழுதுவதும் சின்னது.

ஒரு உதாரணம். 'சிங்கப்பூர்' என்பது கண்ணுக்கு 6 எழுத்து. ஒருங்குறியில் புள்ளி, கொம்பு எல்லாம் தனி என்பதால் 11 குறிகள். யுடிஎஃப்-8-ல் எழுதினால் 33 பைட்டு. ப்யூனிகோடில் 18 எழுத்துதான். முன்னொட்டு 4 சேர்த்தால் 22.

அது என்ன முன்னொட்டு? இது சாதாரண ஆங்கிலப் பெயர் அல்ல, மாற்றி எழுதிய பெயர் என்று அடையாளம் காட்ட முன்னால் ஒரு முத்திரை வேண்டும். 'எக்ஸ்', 'என்', அதன் பின் இரண்டு சிறுகோடு. இந்த இரண்டு எழுத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? முன்கூட்டியே யாருக்காவது தெரிந்தால் அந்த முன்னொட்டில் பெயர்களை வாங்கிக் குவித்துவிடுவார்கள். அதனால் குலுக்கல். அந்தக் குலுக்கலையும் யாரும் ஏமாற்ற முடியாதபடி, அமெரிக்கப் பங்குச்சந்தையில் குறிப்பிட்ட சில பங்குகளின் வர்த்தக எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டார்கள். இன்றைக்கு 'இந்தியா' என்று தமிழில் முடியும் ஒவ்வொரு முகவரியின் தலையிலும் அந்தச் சந்தையின் ஒரு நாள் வியாபாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இதில் அழகு என்னவென்றால், சர்வரில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். ரூட் முதல் கடைசிக் கிளை வரை எல்லோரும் பழைய 37-ஐத்தான் பார்க்கிறார்கள். உலாவி மட்டும் இரண்டு மொழி பேசினால் போதும். 2006-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7-ம் இதைக் கற்றுக்கொண்டது. 2007-ல் ஐகேன் ரூட் சர்வரில் சோதனைக்காகப் பதினொரு பெயர்களைச் சேர்த்தது. அதில் தமிழும் ஒன்று: உதாரணம்.பரிட்சை. 2010-ல் 'இலங்கை', 2011-ல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்று நிஜமான தமிழ் முடிவுகள் வந்தன.

பொம்மை நுழைந்த சந்து

2003 விதியின் மனோபாவம் தாராளமானது. ஒருங்குறி 3.2 பதிப்பில் உள்ளவற்றில் தடை செய்ததைத் தவிர மற்றதெல்லாம் சரி. எழுத்து மட்டுமல்ல, குடை, இதயம், பனிமனிதன் போன்ற குறிகளும் உள்ளே. யாரும் பொம்மைக்காகக் கதவு திறக்கவில்லை. மொழிகளுக்காகத் திறந்த கதவில் பொம்மையும் வந்துவிட்டது.

இதன் ஆபத்து முன்பே தெரிந்திருந்தது. 2002-ல் இஸ்ரேலின் டெக்னியானைச் சேர்ந்த இருவர், ரஷ்ய எழுத்துக்களைக் கலந்து மைக்ரோசாஃப்ட் போலவே கண்ணுக்குத் தெரியும் ஒரு டாட்காம் பெயரைப் பதிவு செய்து காட்டினார்கள். ஆங்கில 'ஓ'-வும் ரஷ்ய 'ஓ'-வும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தமிழிலும் இது உண்டு. தமிழ் எண் ௧, எழுத்து க. எண் ௭, எழுத்து எ. எண் ௮, எழுத்து அ. ஒரு வங்கியின் பெயரில் ஒன்றை மாற்றி வைத்தால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்?

அதனால் புதிய விதியில் மனோபாவத்தையே தலைகீழாக்கினார்கள். பேர் ஐடிஎன்ஏ 2008, வெளிவந்தது 2010 ஆகஸ்ட். எழுதியவர்களில் முக்கியமானவர்கள் ஜான் க்ளென்சின், பாட்ரிக் ஃபால்ட்ஸ்ட்ராம். இப்போது அனுமதித்ததைத் தவிர மற்றதெல்லாம் தடை. மொழிகளை எழுதத் தேவையான எழுத்து, எண், துணைக்குறி இவை மட்டும் சரி. படங்களுக்கும் குறிகளுக்கும் இடம் இல்லை.

காலத்தின் குறும்பைப் பாருங்கள். ஆகஸ்டில் கதவைச் சாத்தினார்கள். அக்டோபரில் ஒருங்குறி 6.0 வந்தது, ஜப்பானிய போன்களில் இருந்த நூற்றுக்கணக்கான எமோஜிகளோடு! மலக்குவியலுக்கு 128169 என்ற எண் கிடைத்தது அப்போதுதான். அடுத்த வருடம் ஐபோன் உலகெங்கும் எமோஜி விசைப்பலகையைக் கொடுத்தது. விருந்தாளிகள் கூட்டமாக வந்தபோது வாசல் பூட்டியிருந்தது.

ஆனால் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. பழைய விதியில் வாங்கிய முகவரிகள் உடைந்துவிடக் கூடாது என்று ஒருங்குறிக் கூட்டமைப்பு யூடிஎஸ் 46 என்று ஒரு சமரச விதியை எழுதியது. உலாவிகள் அதைப் பின்பற்றின. அது குறிகளை அனுமதித்தது. டாட்காம் போன்ற பொது முடிவுகளை நடத்துபவர்கள் ஐகேனோடு ஒப்பந்தம் போட்டவர்கள், புது விதிக்குக் கட்டுப்பட வேண்டும். நாட்டுக்குறிகளை நடத்துபவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. லாவோஸ், சமோவா, டோங்கா போன்ற நாடுகளின் முடிவுகளில் எமோஜிப் பெயர் கிடைத்தது இதனால்தான். பேனிக் நிறுவனத்தின் முகவரி டி.என்.எஸ்.-இல் உண்மையில் முன்னொட்டுக்குப் பின் 'எல்', 'எஸ்', '8', 'எச்' என்ற நான்கே எழுத்து. அதைப் பொம்மையாகக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் உலாவியின் விருப்பம்.

2015-ல் கோகோ கோலா போர்ட்டோ ரிக்கோவில் ஒரு விளம்பரம் செய்தது. சிரிக்கும் முகங்களையே முகவரியாக்கி, சமோவாவின் முடிவில் வாங்கியது. போர்ட்டோ ரிக்கோவின் சொந்த முடிவில் எமோஜிக்கு இடம் இல்லை. அதனால் கடல் தாண்டி சமோவாவுக்குப் போக வேண்டியிருந்தது.

ஒட்டும் குறியின் இரட்டை வாழ்க்கை

பொம்மை வைத்தால் என்ன நட்டம், ஏன் இத்தனை கெடுபிடி என்று தோன்றலாம். 2017 மே மாதம் ஐகேனின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு எமோஜி முகவரிகள் வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. சொன்ன காரணங்கள் எளியவை. ஒரே எமோஜி ஒவ்வொரு போனில் ஒவ்வொரு மாதிரி தெரியும். ஆப்பிள் 2016-ல் துப்பாக்கிப் பொம்மையை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்றவர்கள் மாற்ற 2018 ஆனது. நடுவில் ஒருவர் அனுப்பியது விளையாட்டு, இன்னொருவர் பார்த்தது ஆயுதம். சிரிக்கும் முகங்களே பத்து வகை. சீட்டுக்கட்டு இதயமும் காதல் இதயமும் வெவ்வேறு எண்கள். கையைக் காட்டும் எமோஜிக்கு ஐந்து தோல்நிறம், ஐந்தும் ஐந்து முகவரி. போனில் யாருக்காவது சொல்ல வேண்டுமானால் என்னவென்று சொல்வது?

இன்னொரு காரணம் நம் பக்கத்து வீட்டுக் கதை. அகலமில்லா இணைப்பான் என்று ஒரு குறி உண்டு. கண்ணுக்குத் தெரியாது, இரண்டை ஒட்டும். அப்பா, அம்மா, குழந்தை என்று மூன்று எமோஜிகளை ஒட்டிக் குடும்பம் ஆக்குவது அதுதான். ஆனால் அது அதற்காகப் பிறந்ததல்ல. சிங்களத்தில் 'ஸ்ரீ' என்று சரியாக எழுத அந்தக் குறி தேவை. 2003 விதி அதை எங்கே கண்டாலும் அழித்துவிடும். அதாவது ஸ்ரீலங்காவின் பெயரையே சிங்களத்தில் ஒழுங்காக எழுத முடியாத விதி! 2010-ல் அதைத் திருத்தினார்கள். மெய்யின் புள்ளிக்குச் சமமான குறிக்குப் பின்னால் வந்தால் மட்டும் அனுமதி, வேறெங்கும் இல்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நாட்டின் பெயருக்கு அளந்து திறந்த ஜன்னல் அது. அதைப் பொம்மைக் குடும்பத்துக்காக அகலமாகத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியால் மட்டும் வேறுபடும் போலி முகவரிகள் எல்லா எழுத்திலும் வரும்.

சொந்த சர்வர் வைத்தால்?

விதி பிடிக்கவில்லை என்றால் தனிக்கடை போடலாமே என்ற யோசனை பழையது. 1997 ஜூலையில் யூஜின் கஷ்புரெஃப் என்பவர், தன் மாற்று ரூட்டுக்கு ஆள் சேர்க்கவும் பெயர்ப் பதிவின் ஏகபோகத்தை எதிர்க்கவும், அதிகாரப்பூர்வப் பதிவு நிறுவனத்தின் தளத்துக்குப் போகிறவர்களைத் தன் தளத்துக்குத் திருப்பிவிட்டார். கனடாவில் கைதாகி, அடுத்த வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2000-ல் ஓபன்நிக் யாரையும் ஏமாற்றாமல், விரும்புகிறவர்களுக்கு மட்டும் மாற்று ரூட் நடத்த ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் ஹேண்ட்ஷேக் என்ற பிளாக்செயின் முறை வந்தது. அதில் புள்ளிக்குப் பின்னால் வரும் முடிவையே எமோஜியாக ஏலத்தில் எடுக்கலாம். அதிக விலை கேட்டவருக்கு வெற்றி, ஆனால் கட்ட வேண்டியது இரண்டாவது விலை. வணிகவியல் புத்தகத்தில் வரும் விக்ரி ஏலம் அப்படியே!

தொழில்நுட்பத்தில் இவை எதுவும் கடினமில்லை. சொந்த டி.என்.எஸ். சர்வரை ஒருவர் ஒரு சனி, ஞாயிறில் எழுதிவிடலாம். அதில் தனக்குப் பிடித்த பொம்மையை வைக்கலாம். அந்த முகவரி அவருடைய கணினியில் வேலை செய்யும். அவர் சர்வரைப் பயன்படுத்தச் சம்மதித்த நண்பர்களிடம் வேலை செய்யும். பக்கத்துத் தெருவில் செய்யாது. முகவரியின் மதிப்பு, எழுதுபவர் கையில் இல்லை. படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. ஒருவரே அச்சடித்த ரூபாய் நோட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் டீக்கடையில் வாங்க மாட்டார்கள்.

மிச்சக் கணக்கு

2012-ல் இணையத்தின் புகழ் மன்றம் முதல் பட்டியலை வெளியிட்டபோது இந்தக் கதையின் ஐந்து பேர் அதில் இருந்தார்கள்: ஃபைன்லர், போஸ்டல், மோக்கபெட்ரிஸ், க்ளென்சின், டான் டின் வீ. பட்டியல் வைத்தவர், வேலையை ஒப்படைத்தவர், பிரித்துக் கொடுத்தவர், விதி எழுதியவர், தன் ஊர் மொழிகளுக்காகக் கதவைத் தட்டியவர்.

தட்டிய கதவு திறந்துவிட்டதா? ரூட்டில் தமிழ் இருக்கிறது. ஆனால் தமிழ் முகவரி ஒன்றை வாங்கி, அதில் ஒரு மின்னஞ்சல் வைத்து, ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவத்தில் தட்டிப் பாருங்கள். 'சரியான முகவரியைத் தரவும்' என்று சிவப்பு எழுத்தில் பதில் வரும் படிவங்கள் இன்னும் ஏராளம். அந்தப் படிவத்தை எழுதியவர் 1980-களின் 37 எழுத்தை அப்படியே நம்பி எழுதியிருக்கிறார். சர்வர்கள் எப்போதோ தயார். தயாராகாதது படிவங்களும் அவற்றை எழுதுகிறவர்களும்தான்.

எமோஜி இல்லாமல் யாருக்கும் வாழ்க்கை நிற்காது. ஆங்கிலம் தட்டத் தெரியாத ஒருவருக்கு, தன் எழுத்தில் ஒரு முகவரி என்பது உள்ளே வரும் வழி. நாளை படிவங்களை எழுதப்போகிறவர்களில் இன்று கல்லூரியில் இருப்பவர்களும் உண்டு. அந்த ஒரு வரிச் சோதனையை எழுதும்போது 37-க்கு வெளியேயும் உலகம் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால், 1998-ல் சிங்கப்பூரில் தொடங்கிய வேலையில் பாதி முடிந்துவிடும்.